எங்கள் வகுப்பில் ஒரு தண்ணீர் வாரம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தின் பின்னறையில் நடக்கும் மழலையர் வகுப்பின் ஆசிரியை ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக அவரே எழுதித் தந்திருக்கிறார்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. மூன்று, நான்கு வயதுக்காரர்கள் இருபது பேர் முன்னால் பேசித்தான் பழக்கம். அவர்களில் பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்விடுவார்கள், நான் வருத்தப்படுவதில்லை. அதனால் உங்களில் யாருக்காவது டீ குடிக்கப் போக வேண்டுமென்றால் தாராளமாகப் போய் வரலாம்.

செயலாளர் சார் போன மாதம் என்னைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, பத்து மணி வாக்கில் பின்னறையிலிருந்து சத்தம் அதிகமாக வருகிறது. இரண்டு, கூடத்து வராண்டா அடிக்கடி ஈரமாகக் கிடக்கிறது, பெரியவர்கள் யாராவது வழுக்கி விழுந்தால் என்ன ஆகும். மூன்றாவதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "பிள்ளைங்க சும்மா விளையாடிட்டுத்தான் வர்றாங்க, ஒண்ணுமே சொல்லித் தர்றதில்லைன்னு சில பெற்றோர் சொல்றாங்க மேடம்." அந்த அறையை ஜூன் மாதத்திலிருந்து உடற்பயிற்சிக் கூடமாக மாற்றலாம் என்று ஒரு யோசனை இருப்பதும் எனக்குத் தெரியும். முடிவு உங்களுடையது. அதற்கு முன்னால், ஒரே ஒரு வாரம் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் இரண்டாவது வாரம். நாங்கள் அதற்குத் 'தண்ணீர் வாரம்' என்று பெயர் வைத்திருந்தோம். நீங்கள் வராண்டாவில் பார்த்த ஈரமும் அந்த வாரத்து ஈரம்தான்.

திங்கட்கிழமை எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்ததும், "தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். மழை, ஆறு, ஏரி என்று பதில் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வந்த பதில்கள்: குழாய். ஃப்ரிட்ஜ். லாரி. கேன் அண்ணா. ஒரு பையன் மட்டும், "எங்க தாத்தா மோட்டார் போட்டாதான் வரும்" என்றான். யோசித்துப் பார்த்தால் எல்லாமே சரியான பதில்கள்தான். நம் குடியிருப்பில் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களைக் கேட்டாலும் லாரி என்றுதானே சொல்வீர்கள்? அதனால் நான் யாரையும் திருத்தவில்லை. செருப்பைப் போடச் சொல்லி, நேரே மோட்டார் அறைக்கு அழைத்துப் போனேன்.

வாட்ச்மேன் அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். குழந்தைகள் ஒவ்வொருவராக மேலே போகும் குழாயில் கையை வைத்துப் பார்த்தார்கள். குழாய் அதிர்ந்தது. தண்ணீர் மேலே ஏறுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய அதிசயம். அவர்கள் பார்த்த வரைக்கும் தண்ணீர் கீழேதான் விழும். கழுத்தை நிமிர்த்தி மொட்டைமாடித் தொட்டி வரைக்கும் பார்த்தார்கள். அப்படியே பக்கத்தில் இன்னொரு குழாயைக் காட்டினேன். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்களே, மழைநீர் சேகரிப்பு, அந்தக் குழாய். இது மேலிருந்து கீழே வரும், அது கீழிருந்து மேலே போகும். 'ஏறு, இறங்கு' என்று இரண்டு சொல். மத்தியானம் வரைக்கும் அந்த இரண்டு சொல்லையும் படிக்கட்டில், ஸ்டூலில், ஆயாம்மாவின் மடியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் செய்து பார்த்தார்கள். பத்து மணிச் சத்தம் என்று சொன்னீர்களே, அன்றைக்கு அது இதுதான்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். சி பிளாக் பக்கம் இருக்கும் சம்ப்பின் மூடியை நான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தான். அது அசைந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கே சொல்லி, வாட்ச்மேன் அண்ணன் மேலே ஒரு கருங்கல்லை வைத்திருக்கிறார். கல் போதாது. இன்று இந்தக் கூட்டத்தில் வேறு எதை முடிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்த மூடிக்கு நாளைக்கே ஒரு பூட்டுப் போட்டுவிடுங்கள். என் வகுப்பு இந்த வளாகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகள் இங்கேதான் இருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ஊற்றும் நாள். வராண்டாவில் பழைய சாக்குகளை விரித்து, நான்கு டப், எவர்சில்வர் டம்ளர், டவரா, சொம்பு, புனல், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில், ஸ்பாஞ்ச் எல்லாம் வைத்தோம். மொத்தம் நான்கு வாளித் தண்ணீர். முடிந்ததும் அது முழுவதும் செடிகளுக்குப் போனது. தண்ணீரை வீணாக்குகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வராண்டா ஈரம் பற்றிய உங்கள் புகார் நியாயம்தான். இப்போது வாசலில் கயிறு கட்டி, முடிந்த கையோடு உலரத் துடைத்துவிட்டுத்தான் கயிற்றை எடுக்கிறோம். துடைப்பதும் குழந்தைகள்தான். துணியைப் பிழிந்து பிழிந்து துடைப்பார்கள். அந்தப் பிழிவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றுவது நமக்கு ஒரு வேலையே இல்லை. மூன்று வயதுக்கு அது சர்க்கஸ். ஒரு கை சாய்க்க வேண்டும், இன்னொரு கை அசையாமல் பிடிக்க வேண்டும், கண் விளிம்பைப் பார்க்க வேண்டும், நிரம்புவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். அந்த 'சற்று முன்னால்' பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "கொட்டிடுவே, குடு" என்று பிடுங்கி நாமே ஊற்றிவிடுகிறோம். அவசரம், பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தேன். குறை சொல்லவில்லை.

அன்றைக்கு நான் கவனித்தது சொற்களை. பல வீடுகளில் குழந்தைகளுக்குத் தண்ணீர் கீழே போனால் ஒரே ஒரு சொல்தான் தெரிகிறது, 'ஸ்பில்'. தமிழில் நமக்கு எத்தனை இருக்கிறது பாருங்கள். கை தவறினால் சிந்தும். கவிழ்த்தால் கொட்டும். நிறைந்த பிறகும் ஊற்றினால் வழியும். அடித்தால் தெறிக்கும். ஓட்டை இருந்தால் ஒழுகும். விரிசல் இருந்தால் கசியும். மூடாத குழாய் சொட்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு சம்பவம். இதைப் பட்டியலாகப் போர்டில் எழுதிப் போட்டிருந்தால் ஒருத்தரும் கற்றிருக்க மாட்டார்கள். நான் டப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஐயோ, வழியுது வழியுது." "உன் பாட்டில் ஒழுகுது பாரு." புதன்கிழமை காலையில் ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து, "மிஸ், எங்க வீட்டு பாத்ரூம் கசியுது, கீழ்வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வந்தாங்க" என்றாள். எந்த வீடு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அதே செவ்வாய்க்கிழமை நடந்த இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒரு குழந்தை மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், பாடுகிறாள், அம்மா வீடியோ காட்டியிருக்கிறார். வகுப்பு வாசலைத் தாண்டினால் பேச்சு இல்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. 'குட் மார்னிங் சொல்லு' என்று நிறுத்திவைக்கவும் இல்லை. அன்றைக்கு அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எதிரே ஒரு பையன் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். நிரம்பியது, அவன் நிறுத்தவில்லை. வழிந்து அவள் கை நனைந்தது, பாவாடை நனைந்தது. அவள் "போதும்!" என்றாள். நன்றாகவே, உரக்க.

ஆயாம்மா கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், பேசாமல் இருங்கள் என்று. கைதட்டி, "பேசிட்டாளே!" என்று கொண்டாடியிருந்தால் அவள் மறுபடி மூடிக்கொண்டிருப்பாள் என்று எனக்குப் பயம். நான் குனிந்து சாக்கைச் சரிசெய்வதுபோல் இருந்தேன். அந்தப் பையன் மட்டும்தான் அவளுக்கு இயல்பாகப் பதில் சொன்னான்: "சரி, இப்போ நீ ஊத்து." சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அன்றைக்கு அவள் நோட்டில் என்ன எழுதினாள் என்று கேட்டால், ஒன்றும் எழுதவில்லை.

எழுதுவதைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாவது புகார் அதுதானே. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பாக இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த எட்டில் சிலதான் எலும்பாகத் தெரியும். கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆவது சாதாரணம். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து, நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'அ' போடு என்கிறோம். 'அ' எவ்வளவு சிக்கலான எழுத்து, சுழித்து, வளைத்து, இறக்க வேண்டும். 'ட', 'ப' நேர்க்கோடுகள், அவை எளிது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதலில் விரலால் மணலில்தான் எழுதினார்கள். துணியைப் பிழிவதும், ஸ்பாஞ்சை அமுக்குவதும், மாவு பிசைவதும், சொம்பைச் சாய்ப்பதும் அந்தக் கைக்கும் விரலுக்கும் பலம் கொடுக்கிற வேலைகள். பென்சில் பிடிக்கிற விரல்கள் அங்கேதான் தயாராகின்றன.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் வேலை பார்த்தேன். பெற்றோர் கேட்கிறார்கள் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம். தினமும் இரண்டு பக்கம் எழுத்து. நானும் எழுத வைத்தேன். கையைப் பிடித்து எழுத வைத்தேன், விரல் வலிக்குது மிஸ் என்றவர்களையும் 'இன்னும் ஒரு வரி' என்று எழுத வைத்தேன். ஒரு பையன் பென்சில் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். பிறகு காலையில் வயிற்றுவலி என்று அழ ஆரம்பித்தான். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அந்த வருட முடிவில் அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவன் நோட்டுப் புத்தகம் அழகாக இருந்தது, பெற்றோர் கூட்டத்தில் அதை எடுத்துக் காட்டி நான் பாராட்டும் வாங்கினேன். அந்தக் கையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இந்த வகுப்பில் நோட்டு இல்லாததற்கு அவன்தான் காரணம். சோம்பேறித்தனம் இல்லை.

புதன்கிழமைக்கு வருவோம். மிதக்கும், மூழ்கும். உருளைக்கிழங்கு, கூழாங்கல், ஐந்து ரூபாய்க் காசு மூழ்கின. இலை, தெர்மாகோல், ஆப்பிள் மிதந்தன. ஸ்பூன் மூழ்கியது, அதே எவர்சில்வரில் செய்த கிண்ணம் மிதந்தது. "கிண்ணத்துக்கு நடுவுல காலி இருக்கு" என்று ஒரு குழந்தை சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் ஆரஞ்சுப் பழம். தோலோடு போட்டால் மிதக்கிறது. உரித்துப் போட்டால் மூழ்குகிறது. கனம் குறைந்த பிறகு மூழ்குகிறதே! தோலுக்குள் இருக்கும் காற்றுதான் விஷயம், நீங்கள் வீட்டில் செய்து பாருங்கள். "சட்டையைக் கழட்டிட்டோம்ல, அதான் முங்கிடுச்சு" என்றான் ஒருவன். லைஃப் ஜாக்கெட் போட்டவன் மிதப்பான், கழற்றினால் மூழ்குவான் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் எப்படிப் போக முடியும்?

அன்றைக்கு வகுப்பைப் பார்க்க ஒரு தாத்தா வந்திருந்தார். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். இரண்டும் ஒன்றா? ஒன்று. ஒன்றை எடுத்து உயரமான ஒல்லிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். இப்போது? "இதுலதான் நிறைய!" என்று எல்லோரும் உயரமானதைக் காட்டினார்கள். தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இல்லடா கண்ணா, ரெண்டும் ஒண்ணுதான், இப்போதான ஊத்தினாங்க" என்று மூன்று முறை விளக்கினார். குழந்தைகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

தாத்தாவின் பேரில் தவறில்லை. ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இதை எத்தனையோ குழந்தைகளிடம் செய்து பார்த்திருக்கிறார். ஏறக்குறைய ஏழு வயது வரை உயரமாகத் தெரிவதுதான் அவர்களுக்கு அதிகம். விளக்கினால் புரியாது. அண்ணனுக்குச் சமமாக ஹார்லிக்ஸ் கொடுத்தும் உங்கள் வீட்டில் சண்டை வந்தால், டம்ளரைப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கினால் தீர்ந்தது.

வியாழக்கிழமை சரியாக அமையவில்லை. காகிதக் கப்பல் என்று திட்டம். மூன்று வயதுக் கைக்கு அந்த மடிப்புகள் வராது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் நானும் ஆயாம்மாவும் உட்கார்ந்து இருபது கப்பல் செய்தோம், குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்க வைத்தால் என்ன நடக்கும்? ஒருவன் இன்னொருவனைக் கடித்தான். இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். அவ்வளவுதான் வியாழன்.

விளையாட்டாகக் கற்பது நானோ, இன்றைய பிளே ஸ்கூல்களோ கண்டுபிடித்ததில்லை. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர் தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரில் திறந்தார். எங்கே தெரியுமா? சான் லொரென்சோ என்ற பகுதியில், தொழிலாளர்கள் குடியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அறையில். பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகள் மாடிப்படியில் ஓடி, சுவரையெல்லாம் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்களுக்குக் கவலை. அவர்களை ஓர் இடத்தில் உட்கார வைக்கத்தான் அந்த அறை. நம் பி பிளாக் லிஃப்ட் பக்கத்துச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் குழந்தைகள் கை கழுவினார்கள், தூசி துடைத்தார்கள், ஊற்றினார்கள், அடுக்கினார்கள். பிறகு 1939-இல் அந்த அம்மையார் சென்னைக்கே வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. நம் மாநில அங்கன்வாடிகளில் இருக்கும் பாடத்திட்டத்தின் பெயர்கூட 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதுதான். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகள் பின்தெரு அங்கன்வாடியில் அதைத்தான் படிக்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டும் நாம்தான் நோட்டைக் கேட்கிறோம்.

வெள்ளிக்கிழமை, புதன்கிழமை வந்த அதே தாத்தா மறுபடி வந்தார். டம்ளரில் தோற்றது அவரை உறுத்தியிருக்க வேண்டும். "நான் ஒரு கதை சொல்லலாமா?" என்று கேட்டார். ஊரில் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னார். ஜகடை என்றால் என்ன, தாம்புக்கயிறு என்றால் என்ன, வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் பாதாளக்கரண்டி விட்டு எப்படித் துழாவி எடுப்பது. குழந்தைகளுக்குக் கிணறு என்றால் தெரியவில்லை. "பூமிக்குள்ள இருக்கிற பெரிய டம்ளர்" என்றார். அது போதுமானதாக இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைப் போட்டு, நுனியில் சின்ன வாளியைக் கட்டி, அரை வாளித் தண்ணீரை ஒவ்வொருவராக இழுத்தார்கள். இரண்டு கையையும் மாற்றி மாற்றி. எழுபது வயதுக்காரரும் சேர்ந்து இழுத்தார். சத்தம் அன்றைக்குத்தான் உச்சம், ஒத்துக்கொள்கிறேன். சத்தம் வரும் வேலைகளை இனி பத்தரைக்கு மேல் வைத்துக்கொள்கிறோம், இரவுப் பணி முடிந்து தூங்குபவர்கள் எந்த நேரம் வேண்டாம் என்று சொன்னால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

பேசாத அந்தக் குழந்தை வெள்ளிக்கிழமை கயிற்றை இழுத்தாள். அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு இந்த மூன்று வாரத்தில் மொத்தம் ஆறு சொல் பேசியிருக்கிறாள், நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் வேறு இடம், வேறு அறை என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அது என் கவலை. உங்கள் முடிவில் அதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். என் முழங்காலே அதைச் சொல்லவிடாது. வகுப்பு பன்னிரண்டரைக்கு முடிந்துவிடுகிறது. மாலையில் அறை காலிதான்.

அடுத்த வாரம் எங்களுக்கு 'இலை வாரம்'. பாதாம் மரத்து இலைகள் இப்போது சிவந்து உதிர்கின்றன. தோட்டக்காரரிடம் சொல்லி, பின் கேட் பக்கத்துச் சருகை மட்டும் திங்கட்கிழமை காலை பத்து மணி வரைக்கும் கூட்டாமல் விட்டுவையுங்கள். நாங்களே வந்து பொறுக்கிக்கொள்கிறோம்.